கல்பாசி முதல் கரையான் புற்று வரை: காட்டைத் தாங்கி நிற்கும் பூஞ்சைகள்

ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்ட பிரியாணியைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். தட்டு ஓரத்தில் நீங்கள் ஒதுக்கி வைத்த பட்டை, கிராம்பு, ஏலக்காயோடு கருகின காகிதத் துண்டு மாதிரி ஒன்றும் கிடந்திருக்கும். அதுதான் கல்பாசி. செட்டிநாட்டுக் குழம்புக்கும் பிரியாணிக்கும் அந்தத் தனி வாசனையைக் கொடுப்பது அதுதான்.

பெயரில் பாசி என்று இருந்தாலும், அதன் உடலில் பெரும்பகுதி பூஞ்சை. பூஞ்சையும் பாசியும் சேர்ந்து ஒரே உடம்பாக வாழும் 'லைக்கன்' என்ற உயிரினம் அது. பாசி சூரிய ஒளியில் சமைக்கிறது. பூஞ்சை அதற்கு வீடு கட்டி, ஈரம் காத்துக் கொடுக்கிறது. குளிர்ந்த மலைக்காடுகளில் மரப்பட்டையிலும் பாறையிலும் ஒட்டி வளரும் இதைச் சேகரித்துத்தான் மளிகைக் கடைக்கு அனுப்புகிறார்கள்.

ஆக, காட்டுப் பூஞ்சையோடு நமக்கு ஏற்கெனவே பழக்கம் உண்டு. நமக்குத்தான் அது தெரியவில்லை. காடு என்றதும் யானை, புலி, தேக்கு, சந்தனம் எல்லாம் வரிசையாக நினைவுக்கு வரும். பூஞ்சை வராது. ஆனால் பூஞ்சையை எடுத்துவிட்டால் அந்தக் காடு எத்தனை வருடம் தாங்கும்? அதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

செடியா, விலங்கா?

ரெண்டும் இல்லை. பள்ளிக்கூடத்தில் காளானைத் தாவரங்களோடு சேர்த்துப் படித்த தலைமுறை ஒன்று உண்டு. 1969-ல் அமெரிக்க உயிரியலாளர் ராபர்ட் விட்டேக்கர் உயிர்களை ஐந்து பெரும் பிரிவுகளாகப் பிரித்தபோதுதான், பூஞ்சைகளுக்குத் தனி வீடு கிடைத்தது.

பூஞ்சையில் பச்சையம் கிடையாது. அதனால் தன் சாப்பாட்டைத் தானே சமைக்க முடியாது. அதன் செல்களைச் சுற்றியிருக்கும் சுவர் 'கைட்டின்' என்ற பொருளால் ஆனது. இறால் ஓட்டிலும் வண்டின் மேல்தோலிலும் இருப்பது இதே பொருள்தான். பரம்பரை வழியில் பார்த்தால் பூஞ்சை செடிக்குச் சொந்தம் இல்லை, நமக்குத்தான் நெருங்கிய சொந்தம். விலங்குகளும் பூஞ்சைகளும் ஒரே மூதாதையிடமிருந்து பிரிந்தவை.

சாப்பிடும் முறையில்தான் பெரிய வித்தியாசம். நாம் உணவை வாயில் போட்டு, வயிற்றில் செரிக்கிறோம். பூஞ்சை தன் செரிமான நொதிகளை வெளியே துப்பி, உணவைக் கரைத்து, பிறகு உறிஞ்சுகிறது. வயிறு உடம்புக்கு வெளியே இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

இன்னொரு விஷயம். மழைக்கு மறுநாள் குடை விரித்து நிற்கும் காளான்தான் பூஞ்சை என்று நினைக்கிறோம். அது மாமரத்தில் தொங்கும் மாம்பழம் மாதிரி, வித்துகளைப் பரப்ப வந்த உறுப்பு மட்டும்தான். 'மரம்' மண்ணுக்குள்ளேயோ மரக்கட்டைக்குள்ளேயோ இருக்கிறது. தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிய இழைகள், கிளை கிளையாகப் பிரிந்து, பின்னி, வலையாகப் பரவியிருக்கும். இதற்கு மைசீலியம் என்று பெயர். விறகைப் பிளக்கும்போதோ சருகைக் கிளறும்போதோ வெள்ளை நூல் மாதிரி தெரியுமே, அதேதான்.

இந்த வலை எவ்வளவு பெரிதாக வளரும்? அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் மால்யூர் தேசியக் காட்டில் ஆர்மில்லேரியா என்ற பூஞ்சை, ஒரே மரபணு கொண்ட ஒரே உயிராக, சுமார் 965 ஹெக்டேர் பரப்பில் பரவியிருக்கிறது. சென்னை கிண்டி தேசியப் பூங்காவைப் போல மூன்றரை மடங்கு. வயது 2,000 ஆண்டுகளுக்கு மேல் இருக்கும் என்பது கணிப்பு. உலகின் மிகப்பெரிய உயிரினங்கள் பற்றிப் பேசும்போது திமிங்கலத்துக்கு முன்னால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

மொத்தம் எத்தனை வகைப் பூஞ்சை உண்டு? இதுவரை பெயர் வைத்திருப்பது சுமார் ஒன்றரை லட்சம் இனங்களுக்கு. பூமியில் உண்மையில் இருப்பவை 22 லட்சம் முதல் 38 லட்சம் வரை இருக்கலாம் என்று 2017-ல் வெளியான மதிப்பீடு சொல்கிறது. அதாவது 10-ல் 9-க்கு மேல் இன்னும் நமக்கு அறிமுகமே ஆகவில்லை.

காட்டுக்குக் குப்பை வண்டி வருவதில்லை

நம் தெருவில் நாலு நாள் குப்பை அள்ளவில்லை என்றால் என்ன ஆகும்? தெரியும். மேற்குத் தொடர்ச்சி மலையின் ஒரு காட்டில் ஒவ்வொரு ஆண்டும் ஒவ்வொரு மரமும் இலை உதிர்க்கிறது, கிளை முறிகிறது, பழம் விழுகிறது, வயசான மரம் சாய்கிறது. லட்சக்கணக்கான ஆண்டுகளாக இது நடக்கிறது. ஆனால் நடந்து போனால் சருகு கணுக்கால் அளவுக்கு மேல் வருவதில்லை. மீதியெல்லாம் எங்கே போச்சு?

மண்புழு, கரையான், மரவட்டை, பாக்டீரியா எல்லோருக்கும் இதில் பங்கு உண்டு. ஆனால் மரத்தை உடைப்பதில் பூஞ்சைக்கு நிகர் வேறு யாரும் இல்லை. காரணம், லிக்னின்.

மரத்துக்கு விறைப்பைத் தருவது இந்த லிக்னின்தான். செல்லுலோஸ் இழைகளைக் கம்பி என்று வைத்துக்கொண்டால், லிக்னின் அதைச் சுற்றிக் கொட்டிய சிமெண்ட். ஒழுங்கான வடிவம் இல்லாமல் தாறுமாறாகப் பின்னிய வேதிப்பொருள் என்பதால், பெரும்பாலான உயிர்களின் நொதிகளுக்கு அதைப் பிடித்து உடைக்கத் தெரியாது. 'வெள்ளை அழுகல்' பூஞ்சைகள் என்ற கூட்டத்துக்கு மட்டும் அந்த வித்தை நன்றாகக் கைவந்திருக்கிறது. ஹைட்ரஜன் பெராக்சைடைப் பயன்படுத்தும் தனி நொதிகளைச் சுரந்து, லிக்னினை எரிப்பது போலவே துண்டு துண்டாக்கிவிடும். அவை தின்ற மரம் வெளுத்து, பஞ்சு மாதிரி நார் நாராக ஆகிவிடும்.

இன்னொரு கூட்டம் 'பழுப்பு அழுகல்' பூஞ்சைகள். இவை சிமெண்ட்டை அப்படியே விட்டுவிட்டுக் கம்பியை மட்டும் உருவி எடுத்துக்கொள்ளும். மிச்சமிருக்கும் மரம் பழுப்பாகி, சின்னச் சின்னக் கட்டங்களாக வெடித்து, கையில் எடுத்தால் தூளாகும். அடுத்த முறை மலையேறப் போகும்போது விழுந்து கிடக்கும் மரத்தைப் பாருங்கள். வெள்ளையா, பழுப்பா என்று பார்த்தே உள்ளே எந்தக் கூட்டம் வேலை செய்கிறது என்று சொல்லிவிடலாம்.

இந்த வேலை நடக்காவிட்டால் சிக்கல் குப்பை சேர்வது மட்டும் இல்லை. மரம் தன் வாழ்நாள் முழுக்க மண்ணிலிருந்து எடுத்த பாஸ்பரஸ், பொட்டாசியம், கால்சியம் எல்லாம் அந்தக் கட்டைக்குள்ளேயே பூட்டிக் கிடக்கும். பூட்டைத் திறந்து மண்ணுக்குத் திருப்பிக் கொடுத்தால்தான் அடுத்த கன்று வளரும். காட்டுக்கு யாரும் யூரியா மூட்டை கொண்டுபோய்க் கொட்டுவதில்லை. பழைய மரம்தான் புது மரத்துக்கு உரம். இடையில் நின்று கைமாற்றி விடுவது பூஞ்சை.

இருவாச்சிக்கு வீடு கட்டித் தருவது யார்?

ஆனைமலை, வால்பாறைப் பக்கம் போனவர்கள் பெரிய இருவாச்சிப் பறவையைப் பார்த்திருக்கலாம். பெண் பறவை உயரமான மரத்தின் பொந்துக்குள் போய் உட்கார்ந்து, வாசலை அடைத்துக்கொண்டு முட்டையிடும். ஒரு சின்ன இடுக்கு வழியாக ஆண் பறவை பழம் கொண்டுவந்து ஊட்டும். இந்தக் கதை பலருக்கும் தெரியும்.

ஆனால் இருவாச்சிக்கு மரங்கொத்தி போல மரத்தைக் குடைந்து பொந்து செய்யத் தெரியாது. ஏற்கெனவே இருக்கும் பொந்தைத்தான் தேடிப் பிடிக்க வேண்டும். அவ்வளவு பெரிய பறவை உள்ளே உட்காரும் அளவுக்குப் பொந்து எப்படி வரும்?

கிளை முறிந்த காயம் வழியாகப் பூஞ்சை உள்ளே நுழையும். மரத்தின் நடுவில் இருக்கும் வைரப் பகுதி உயிரற்றது. அதை வருடக்கணக்கில் மெதுவாகத் தின்னும். வெளியே பட்டையும் அதையொட்டிய உயிருள்ள பகுதியும் நன்றாகவே இருக்கும். மரம் பூக்கும், காய்க்கும். உள்ளே மட்டும் கூடு விழும். மரங்கொத்திகூட நல்ல மரத்தைவிட, பூஞ்சை மென்மையாக்கிய மரத்தையே பெரும்பாலும் தேடிக் கொத்துகிறது. அதன் பழைய பொந்துக்கு அப்புறம் மைனா வரும், ஆந்தை வரும், பறக்கும் அணில் வரும்.

"உளுத்துப்போன மரம்தானே" என்று வெட்டித் தள்ளும்போது பல குடும்பங்களுக்கு வீடு போகிறது. தோட்டத்திலோ ரிசார்ட் வளாகத்திலோ ஆள் மேல் விழும் ஆபத்து இருந்தால் வெட்டத்தான் வேண்டும், அது வேறு. காட்டுக்குள் நிற்கும் பட்ட மரம் காட்டின் சொத்து.

பச்சை இலைக்குள் வாடகைக்கு இருப்பவர்கள்

இலை கீழே விழுந்த பிறகுதான் பூஞ்சை வருகிறது என்று நினைத்தால் தப்பு. நல்ல, பச்சையான, நோயே இல்லாத இலைக்குள்ளும் பூஞ்சைகள் சத்தமில்லாமல் குடியிருக்கின்றன. இவை உள்வாழ் பூஞ்சைகள். ஆய்வு செய்த ஏறக்குறைய எல்லாத் தாவரங்களிலும் இவை இருக்கின்றன.

இந்த ஆராய்ச்சியில் தமிழ்நாட்டுக்கு நல்ல பங்கு உண்டு. சென்னையில் உள்ள விவேகானந்தா வெப்பமண்டலப் பூஞ்சையியல் நிறுவனத்தின் டி.எஸ். சூர்யநாராயணனும் அவருடைய குழுவும் முதுமலை உள்ளிட்ட நீலகிரி உயிர்க்கோளக் காடுகளின் மர இலைகளில் இவற்றைப் பல ஆண்டுகள் தேடியிருக்கிறார்கள்.

இலை மரத்தில் இருக்கும்வரை இந்த வாடகைக்காரர்கள் அமைதியாக இருக்கிறார்கள். சில, இலையைக் கடிக்கும் பூச்சிக்கும் தாக்கவரும் நோய்க்கும் எதிராக வேதிப்பொருள்களைச் சுரக்கின்றன. இலை உதிர்ந்ததும் அவர்களில் சிலரே முதல் ஆளாக வீட்டை இடிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். வெளியிலிருந்து வருபவர்களுக்கு முன்னாலேயே அவர்கள் உள்ளே இருக்கிறார்கள் அல்லவா?

சரி, காட்டுத் தீ வந்தால்? முதுமலை போன்ற வறண்ட இலையுதிர் காடுகளில் கோடையில் சருகு பற்றி எரிவது புதிதல்ல. இதே ஆய்வாளர்கள் மேற்குத் தொடர்ச்சி மலையின் சருகிலிருந்தும் மண்ணிலிருந்தும் பிரித்தெடுத்த சில பூஞ்சைகளின் வித்துகள், 100 டிகிரி செல்சியஸுக்கு மேற்பட்ட உலர் வெப்பத்தைத் தாங்கிப் பிழைத்ததை 2011-ல் வெளியிட்டார்கள். கட்டுரைக்கே 'அக்னியின் பூஞ்சைகள்' என்று பெயர் வைத்தார்கள். தீ அணைந்த பிறகு, மழை விழுந்ததும், காட்டின் மறுவேலையைத் தொடங்க அங்கே ஆள் தயாராக இருக்கிறது என்று இதற்கு அர்த்தம்.

வேரடியில் நடக்கும் கொடுக்கல் வாங்கல்

இதுவரை சொன்னது செத்ததைத் தின்னும் பூஞ்சைகளைப் பற்றி. உயிரோடு இருக்கும் மரத்துக்கே ஊட்டும் பூஞ்சைகள் தனி.

1885-ல் ஜெர்மன் தாவரவியலாளர் ஆல்பர்ட் ஃபிராங்க், மர வேர்களைப் பூஞ்சை இழைகள் உறை போல மூடியிருப்பதை ஆராய்ந்து அதற்கு 'மைக்கோரைசா' என்று பெயர் வைத்தார். பொருள், பூஞ்சை வேர். நம் ஊர் விவசாயிகளுக்கு இது புதிது இல்லை. வேளாண் துறையினர் 'வேம்' என்றும் 'வேர் உட்பூசணம்' என்றும் பாக்கெட் போட்டுக் கொடுப்பது இந்த வகையில் ஒன்றைத்தான்.

கணக்கு எளிது. மரம் இலையில் சமைத்த சர்க்கரையில் ஒரு பங்கைப் பூஞ்சைக்குத் தருகிறது. பூஞ்சை மண்ணிலிருந்து பாஸ்பரஸ், நைட்ரஜன், தண்ணீர் கொண்டுவந்து கொடுக்கிறது. வேர் எவ்வளவு மெல்லியதாக இருந்தாலும் நுழைய முடியாத மண் இடுக்குக்குள் இந்த இழை நுழையும். குறிப்பாகப் பாஸ்பரஸ் மண்ணில் நகராத சத்து. இருக்கும் இடத்துக்குப் போய்த்தான் எடுக்க வேண்டும். வேருக்கு எட்டாததைப் பூஞ்சை எட்டி எடுக்கிறது.

நிலத்தாவர இனங்களில் ஐந்தில் நான்குக்கு மேல் இப்படிப் பூஞ்சையோடு கூட்டு வைத்தே வாழ்கின்றன. தேக்கு, வேம்பு, புளி, மூங்கில் எல்லாவற்றிலும் பூஞ்சை வேரின் செல்லுக்குள்ளேயே நுழைந்து தங்கும். மத்திய இந்தியாவின் சால மரம், மேற்குத் தொடர்ச்சி மலையின் வெள்ளைக் குங்கிலியம், வெளிநாட்டிலிருந்து வந்த பைன், யூகலிப்டஸ் போன்றவற்றில் வேருக்கு மேல் உறையாகப் பின்னும். சத்தீஸ்கர், ஜார்க்கண்ட் காடுகளில் பருவமழை தொடங்கியதும் சால மரத்தடியில் உருண்டை உருண்டையாகக் கிளைக்கும் காளானைப் பழங்குடி மக்கள் தோண்டி எடுத்துச் சந்தையில் நல்ல விலைக்கு விற்கிறார்கள். அது சால வேரோடு கூட்டு வைத்த பூஞ்சையின் பழம். சால மரம் இல்லையென்றால் அந்தக் காளானும் இல்லை, அந்த வருமானமும் இல்லை.

இந்த நட்பு மிகப் பழையது. ஸ்காட்லாந்தின் ரைனி என்ற ஊரில் கிடைத்த, சுமார் 40 கோடி ஆண்டுப் பழமையான தாவரப் புதைபடிவங்களிலேயே வேர்ப்பூஞ்சையின் தடம் இருக்கிறது. அந்தச் செடிகளுக்கு அப்போது சரியான வேர்கூடக் கிடையாது. வேர் உருவாவதற்கு முன்பே பூஞ்சை வந்துவிட்டது!

ஆர்க்கிட் செடிகள் இன்னும் ஒரு படி மேலே. அவற்றின் விதை தூசி மாதிரி இருக்கும். உள்ளே சாப்பாட்டுச் சேமிப்பே கிடையாது. காட்டில் அது முளைக்க வேண்டுமானால், சரியான பூஞ்சை வந்து ஊட்டிவிட வேண்டும். மரத்திலிருந்து ஆர்க்கிட்டைப் பிய்த்து வந்து வீட்டு பால்கனியில் தொங்கவிட்டால் பல நேரம் வாடிப் போவதற்கும், விதை போட்டால் முளைக்காததற்கும் பின்னால் இதுவும் ஒரு காரணம்.

இதில் பருவநிலைக் கணக்கும் இருக்கிறது. உலகின் தாவரங்கள் ஆண்டுதோறும் வேர்ப்பூஞ்சைகளுக்குக் கொடுக்கும் கார்பன், சுமார் 1,300 கோடி டன் கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம் என்று 2023-ல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. நிலக்கரி, பெட்ரோல், எரிவாயு எரிப்பதால் ஓராண்டில் வெளியாவதில் இது மூன்றில் ஒரு பங்குக்கு மேல். இதெல்லாம் மண்ணிலேயே நிரந்தரமாகத் தங்கிவிடுகிறது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒரு பகுதி திரும்பக் காற்றுக்கே போகும். ஆனாலும் அந்த வழியாக இவ்வளவு பெரிய போக்குவரத்து நடக்கிறது என்பதே பெரிய செய்தி.

பைன் மரம் கற்றுக்கொடுத்த பாடம்

"10 லட்சம் மரக்கன்று நடுவோம்" என்ற அறிவிப்புகளை அடிக்கடி பார்க்கிறோம். குழி, கன்று, தண்ணீர் இருந்தால் போதுமா?

கரீபியன் கடலில் இருக்கும் போர்ட்டோ ரிக்கோ தீவில் பைன் மரம் வளர்க்கப் பலமுறை முயன்றார்கள். விதை முளைக்கும், கன்று கொஞ்சம் வளரும், பிறகு மஞ்சளாகிச் செத்துப்போகும். 1950-களில், வேறிடத்துப் பைன் காட்டிலிருந்து பூஞ்சை உள்ள மண்ணைக் கொண்டுவந்து வேரடியில் போட்டுப் பார்த்தார்கள். அந்தக் கன்றுகள் கிடுகிடுவென வளர்ந்தன. தீவில் இல்லாமல் இருந்தது பைனின் கூட்டாளிப் பூஞ்சைதான்.

தென்னிந்திய மலைகளில் கதை வேறு விதம். பைனும் யூகலிப்டஸும் நட்ட இடங்களில், மழைக்காலத்தில் சிவப்புக் குடையில் வெள்ளைப் புள்ளி வைத்த அமானிட்டா காளானைச் சிலர் படமெடுத்து இன்ஸ்டாகிராமில் போடுகிறார்கள். அழகுதான். ஆனால் அது இந்த மண்ணின் காளான் இல்லை. குளிர் நாட்டிலிருந்து மரங்களோடு சேர்ந்து வந்தது. வெளிநாட்டு மரத்தை நடும்போது, மண்ணுக்குள்ளும் வெளிநாட்டு ஆட்கள் குடியேறுகிறார்கள். பிறகு அந்த மரத்தை வெட்டிவிட்டுச் சோலைக்காட்டை மீட்க நினைத்தால், மேலே தெரிவதை மட்டும் மாற்றினால் போதாது. கீழே இருக்கும் கூட்டமும் மாற வேண்டும். பக்கத்தில் கொஞ்சமாவது பழைய சோலை மிச்சம் இருந்தால், அங்கிருந்து வித்துகள் வர வழி இருக்கும். மிச்சம் இருக்கும் துண்டுக்காட்டைக் காப்பாற்றுவது ஏன் அவசியம் என்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டாம்.

மரங்கள் 'வாட்ஸ்அப்' பண்ணுகின்றனவா?

இந்த வீடியோ உங்களுக்கும் வந்திருக்கும்: "மரங்கள் பூஞ்சை நெட்வொர்க் வழியாகப் பேசிக்கொள்கின்றன, தாய் மரம் தன் குட்டிகளுக்கு உணவு அனுப்புகிறது." எவ்வளவு உண்மை?

1997-ல் கனடாவைச் சேர்ந்த சூசன் சிமார்ட் குழுவினர், காட்டில் பிர்ச் மரக் கன்றுகளுக்கும் டக்ளஸ் ஃபிர் கன்றுகளுக்கும் இடையில் கார்பன் போய்வருவதை 'நேச்சர்' இதழில் வெளியிட்டார்கள். அங்கிருந்துதான் 'காட்டின் இன்டர்நெட்' என்ற பேச்சு பரவியது. ஒரே பூஞ்சை பல மரங்களின் வேர்களை இணைக்க முடியும் என்பது உண்மை.

ஆனால் 2023-ல் ஜஸ்டின் கார்ஸ்ட் உள்ளிட்ட மூன்று ஆய்வாளர்கள், அதுவரை வந்த கள ஆய்வுகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார்கள். காட்டில் இந்த இணைப்புகள் எவ்வளவு பரவலாக உள்ளன என்பதற்கே ஆதாரம் குறைவு. சத்து பூஞ்சை வழியாகத்தான் போனதா, மண் வழியாகவா என்பது பல ஆய்வுகளில் தெளிவாகவில்லை. பெரிய மரம் தன் வாரிசை அடையாளம் கண்டு உதவுகிறது என்பதற்குக் கள ஆதாரம் இல்லை என்று எழுதினார்கள். இந்த மூவரில் ஒருவரான மெலனி ஜோன்ஸ், 1997 கட்டுரையின் ஆசிரியர்களிலும் ஒருவர் என்பது கவனிக்க வேண்டிய விஷயம்.

எனவே, ஃபார்வர்ட் பண்ணுவதற்கு முன் ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ளலாம். மரமும் பூஞ்சையும் பண்டமாற்று செய்வது நிரூபணமான உண்மை. மரங்கள் பாசத்தோடு பேசிக்கொள்கின்றன என்பது இன்னும் நிரூபணம் ஆகாத கதை.

கரையான் வீட்டு விவசாயம்

மழை பெய்து வெயில் அடித்த மறுநாள், கிராமத்தில் காலையிலேயே தூக்குவாளியோடு புற்று தேடிக் கிளம்புவார்கள். புற்றுக்காளான் எடுத்து வந்து குழம்பு வைத்தால், கறிக்குழம்பு தோற்றுப்போகும்.

புற்றில் ஏன் காளான் முளைக்கிறது? ஏனென்றால் கரையான் அதை விவசாயம் செய்கிறது. காய்ந்த இலையையும் மரத்தையும் தின்று, பூஞ்சை வித்துகளோடு எச்சமாகப் போட்டு, புற்றுக்குள் தேன்கூடு மாதிரி பாத்தி கட்டும். அதில் டெர்மிட்டோமைசிஸ் என்ற பூஞ்சை வளர்ந்து, கரையானால் செரிக்க முடியாததைச் செரித்துக் கொடுக்கும். அந்தப் பாத்தியைக் கரையான் சாப்பிடும். மனிதன் ஏர் பிடித்து ஏறக்குறைய 10,000 ஆண்டுகள் ஆகின்றன. கரையான் இந்த விவசாயத்தைச் சுமார் 3 கோடி ஆண்டுகளாகச் செய்துவருகிறது.

பட்டன் காளான், சிப்பிக் காளானைப் போல இதைக் கொட்டகையில் வளர்த்து விற்க முடியாமல் இருப்பதற்குக் காரணமும் இதுதான். கரையான் இல்லாமல் இந்தக் காளான் சரியாக வராது. மருந்து ஊற்றி எல்லாப் புற்றையும் அழித்துவிட்டு, "இப்பல்லாம் காளானே கிடைக்கிறதில்லை" என்று சொன்னால் எப்படி?

நோயும் ஒரு காவல்தான்

பூஞ்சை என்றால் நோய் என்ற பயம் நமக்கு உண்டு. காட்டில் அந்த நோய்க்கும் ஒரு வேலை இருக்கிறது.

ஒரு மரத்தின் விதைகள் பெரும்பாலும் அதன் அடியிலேயே கொட்டும். அத்தனையும் வளர்ந்தால், கொஞ்ச காலத்தில் அந்த இடம் முழுக்க ஒரே இன மரம்தான் இருக்கும். ஆனால் தாய் மரத்தின் அடி மண்ணில், அந்த இனத்தைத் தாக்கும் பூஞ்சைகளும் மொய்த்துக் கிடக்கும். நெருக்கமாக முளைத்த கன்றுகளை அவை கொன்றுவிடும். தள்ளிப்போய் விழுந்த விதை பிழைக்கும். காலியான இடத்தில் வேறு இனம் வரும். 1970-களின் தொடக்கத்தில் டேனியல் ஜான்சன், ஜோசப் கானல் என்ற இரு அறிவியலாளர்கள் தனித்தனியாக முன்வைத்த கருத்து இது.

மத்திய அமெரிக்காவின் பெலீஸ் நாட்டு மழைக்காட்டில் இதைச் சோதித்தார்கள். சில இடங்களில் மட்டும் பூஞ்சைக்கொல்லி தெளித்தார்கள். தெளித்த இடங்களில் முளைத்து வந்த கன்றுகளின் இன வகை குறைந்தது. 2014-ல் வெளியான இந்த முடிவைச் சுருக்கமாகச் சொன்னால், நோய்ப் பூஞ்சையை ஒழித்தால் காட்டின் பன்மையும் குறைகிறது.

எறும்பைப் பிடித்து 'ஜாம்பி' ஆக்கும் ஓஃபியோகார்டிசெப்ஸ் பூஞ்சை பற்றி வெப்சீரிஸ் புண்ணியத்தில் எல்லோருக்கும் தெரியும். பூஞ்சை தொற்றிய எறும்பு செடியில் ஏறி, இலை நரம்பைக் கடித்தபடியே சாகும். அதன் தலையிலிருந்து பூஞ்சை முளைக்கும். பார்க்கக் கொடூரம்தான். ஆனால் எந்தப் பூச்சிக் கூட்டமும் அளவு மீறிப் பெருகாமல் பார்த்துக்கொள்ளும் காவல்களில் அதுவும் ஒன்று. இந்தப் பூஞ்சையின் குடும்பத்தைச் சேர்ந்த இன்னொன்று, நார்வே மண்ணிலிருந்து எடுக்கப்பட்டது. அதிலிருந்து வந்ததுதான் சைக்ளோஸ்போரின். கிட்னி மாற்று அறுவைச் சிகிச்சையில் புது உறுப்பை உடல் நிராகரிக்காமல் காக்கும் மருந்து.

இதே காவல், ஊர் மாறினால் ஆபத்து. ஆசியாவின் செஸ்ட்நட் மரங்களோடு ஒத்துவாழ்ந்த ஒரு பூஞ்சை, இறக்குமதிச் செடிகளோடு அமெரிக்கா போனது. 1904-ல் நியூயார்க்கில் கண்டுபிடிக்கப்பட்டது. அடுத்த அரை நூற்றாண்டில் சுமார் 400 கோடி அமெரிக்க செஸ்ட்நட் மரங்கள் அழிந்தன. தவளைகளின் தோலைத் தாக்கும் கைட்ரிட் பூஞ்சையால் 501 நீர்நில வாழ்வன இனங்கள் குறைந்தன, அவற்றில் 90 அழிந்துபோயிருக்கலாம் என்று 2019-ல் கணக்கிட்டார்கள். செடியையும் மண்ணையும் செல்லப்பிராணியையும் நாடு விட்டு நாடு சோதனையில்லாமல் கொண்டுபோனதன் விலை இது.

காட்டில் காளான் பார்த்தால் என்ன செய்வது?

படம் எடுங்கள். பறித்துச் சாப்பிடாதீர்கள். 2022 ஏப்ரலில் அசாமில் விஷக் காளான் சாப்பிட்டு ஒரே வாரத்துக்குள் 13 பேர் இறந்தார்கள்.

கொடிய அமானிட்டா காளான்களில் இருக்கும் அமாடாக்சின் சமைத்தாலும் அழியாது. சாப்பிட்டு 6 மணி நேரத்துக்கு மேல் எதுவும் தெரியாது. பிறகு வாந்தி, வயிற்றுப்போக்கு வரும்; நடுவில் சரியானது போலத் தோன்றும்; அதற்குள் ஈரல் கெட்டுக்கொண்டிருக்கும். "வெள்ளிக் கரண்டி கறுக்கவில்லை", "பூச்சி கடித்திருக்கு, அதனால நல்லது" போன்ற சோதனைகள் எதுவும் உதவாது. செல்போன் ஆப் சொல்லும் பெயரையும் நம்பிச் சமைக்கக் கூடாது. சந்தேகம் வந்தால் மிச்சக் காளானையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். தலைமுறை தலைமுறையாக எடுத்துச் சாப்பிடுபவர்களுக்கு எது எந்த இடத்தில், எந்த மழைக்கு வரும் என்று தெரியும். அந்த அறிவு இல்லாத நமக்குக் கடைக் காளான் போதும்.

பட்டியலில் இடம் இல்லாதவர்கள்

இந்தியாவின் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணைகளில் விலங்குகள் இருக்கின்றன, செடிகள் இருக்கின்றன. பூஞ்சைக்கு இடம் இல்லை. ஒரு காட்டில் சாலை போடவோ சுரங்கம் தோண்டவோ அனுமதி கேட்கும்போது, எத்தனை விலங்கு, எத்தனை மரம் என்று கணக்கெடுக்கிறார்கள். மண்ணுக்குள் என்ன இருந்தது என்று யாரும் கேட்பதில்லை.

உலக அளவில் நிலைமை மெல்ல மாறுகிறது. தென் அமெரிக்காவின் சிலி, பூஞ்சைகளையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்று தன் சுற்றுச்சூழல் சட்டத்திலேயே சேர்த்திருக்கிறது. சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியமான ஐ.யூ.சி.என். அமைப்பின் சிவப்புப் பட்டியலில் 2025 மார்ச் நிலவரப்படி சுமார் 1,300 பூஞ்சை இனங்கள் மதிப்பிடப்பட்டுள்ளன. அவற்றில் குறைந்தது 411 அழியும் ஆபத்தில் இருக்கின்றன. காடழிப்பு, விவசாய உரங்களும் வாகனப் புகையும் கொட்டும் நைட்ரஜன், மாறும் பருவநிலை ஆகியவை முக்கியக் காரணங்கள். இமயமலையில் தங்கத்துக்கு இணையாக விலைபோகும் யார்சாகும்பா பூஞ்சையும் அளவுக்கு மீறித் தோண்டப்பட்டு அந்தப் பட்டியலில் ஏறியிருக்கிறது.

1,300 என்பது, பெயர் வைத்த ஒன்றரை லட்சத்தில் 1 சதவீதம்கூட இல்லை. மீதி எதெல்லாம் ஆபத்தில் இருக்கிறது? கணக்கெடுத்தால்தான் தெரியும். கணக்கெடுக்க ஆள் வேண்டும். பூஞ்சை படிக்க மாணவர்கள் வேண்டும். புலி கணக்கெடுப்புக்குத் தன்னார்வலராகப் போக நம்மில் பலர் தயார். காளானைப் படம் எடுத்து, இடமும் தேதியும் சேர்த்து, ஐநேச்சுரலிஸ்ட் போன்ற பொதுத் தளங்களில் பதிவேற்றினால் அதுவும் கணக்கெடுப்புக்கு உதவும். அதற்கு வேண்டியது கையில் இருக்கும் செல்போனும், குனிந்து பார்க்கும் பொறுமையும்தான்.

அடுத்த முறை மலைக்குப் போகும்போது, வியூ பாயின்ட்டில் செல்ஃபி எடுத்து முடித்த பிறகு, பாதையோரம் விழுந்து கிடக்கும் ஒரு கட்டையின் அருகே இரண்டு நிமிடம் உட்காருங்கள். அதைத் தூக்கிப் போடவோ உதைக்கவோ வேண்டாம். அதில் ஒரு வேலை நடந்துகொண்டிருக்கிறது; முடிய இன்னும் பல வருடம் ஆகும்.